திலக் நகரிலிருந்து கடலடிக்கு

ஹார்பர் லைன் என்று பெயர்தான். குர்லாவுக்கு அடுத்து வரும் திலக் நகர் நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் துறைமுகமும் தெரியாது, கடலும் தெரியாது. பக்கத்திலேயே லோக்மான்ய திலக் டெர்மினஸ். தெற்கே போகும் நீண்ட தூர ரயில்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. சற்றுத் தள்ளி வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்பு. அதை இடித்துவிட்டு எழும்பிய, இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகள். 2014இல் திறக்கப்பட்ட சாந்தாகுரூஸ் - செம்பூர் இணைப்புச் சாலையின் மேம்பாலம். தெருப் பெயரைக் காட்டிலும் கட்டட எண்ணைச் சொன்னால்தான் இங்கே வழி கிடைக்கும்.

இந்தப் பேட்டையின் பெயரை வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, சோட்டா ராஜன் வளர்ந்த இடம் என்பது. இன்னொன்று, சஹ்யாத்ரி கிரீடா மண்டல் ஆண்டுதோறும் அரண்மனை போலவும் கோயில் போலவும் எழுப்பும் பிரம்மாண்டமான கணபதி பந்தல். தமிழர்களுக்கு மூன்றாவது காரணமும் உண்டு. பக்கத்துச் சேடா நகரில் 108 படி ஏறினால் முருகன் இருக்கிறார். ஊருக்குப் போகும் ரயிலும் நடந்துபோய் ஏறும் தூரத்தில் இருக்கிறது. முருகனும் ரயிலும் பக்கத்தில் இருந்தால் பம்பாய்த் தமிழருக்கு வேறு என்ன வேண்டும்?

அதே ரயிலடி இன்னொரு சிறு கூட்டத்துக்கும் வாசல். விடுமுறை வந்தால் கடலுக்கு அடியில் போய்வர ஆசைப்படும் ஸ்கூபா டைவர்கள் அவர்கள். மும்பையில் இருந்துகொண்டு கடலுக்கு ரயிலேறிப் போவானேன் என்று தோன்றலாம். மும்பையின் கடல் பார்ப்பதற்கு ஏற்றது. உள்ளே இருந்து பார்ப்பதற்கு அல்ல. செம்பூருக்குத் தெற்கே மாஹுலில் இருப்பது சுத்திகரிப்பு ஆலைகளும் சதுப்பு மரங்களும் சேறும். பூநாரைகளுக்கு அந்தச் சேறு சொர்க்கம். டைவருக்கு அது கலங்கிய காப்பி. பெரிய அலையேற்றத்தின்போது நீர்மட்டம் 4, 5 மீட்டர் ஏறி இறங்கும் கரை இது. ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஓடைகளின் வண்டலைக் கிளறிவிட்டுப் போகிறது. நீட்டிய கை தெரியாத தண்ணீரில் மீனைத் தேடுவது எங்கே?

ஆகவே மும்பைக்காரர் டைவிங்கை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் நகரத்தில். கடல் வெளியூரில். செம்பூர்ப் பிள்ளைகள் பலர் நீச்சல் பழகியது மாநகராட்சியின் ஜெனரல் அருண்குமார் வைத்யா குளத்தில். ஸ்கூபா கற்க அந்த நீச்சல்தான் அரிச்சுவடி. முதல் சான்றிதழுக்கே 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். அதன் பிறகு கொங்கண் கரை, கோவா, முருடேஸ்வரத்துக்கு எதிரே உள்ள நேத்ராணி தீவு, லட்சத்தீவு, அந்தமான் என்று பையின் கனத்துக்கும் பர்ஸின் கனத்துக்கும் தக்கபடி பயணம்.

அந்தப் பையில் இருக்கும் ஒரு கருவியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் பேக்பிளேட் அண்ட் விங். முதுகுத் தட்டும் இறக்கையும் என்று சொன்னால் தப்பில்லை. இதன் வேலை முக்கால்வாசி கடலில் நடப்பதில்லை. ஊருக்குக் கிளம்பும் முன்பே வீட்டுக் கூடத்தில், பாய் விரிக்கும் தரையில் நடந்துவிடுகிறது. அங்கே சரியாகக் கட்டியவர் கடலில் நிம்மதியாக இருப்பார். அங்கே அவசரப்பட்டவருக்குக் கடலில் அவகாசம் கிடைக்காது.

ஸ்கூபா டைவருக்கு மூச்சு தருவது சிலிண்டரும் ரெகுலேட்டரும். 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்யானும் உருவாக்கிய ஏற்பாட்டின் வாரிசு அது. ஆனால் மூச்சு மட்டும் போதாது. தண்ணீரில் ஆள் மூழ்கிக்கொண்டே போகவும் கூடாது, பலூன் மாதிரி மேலே கிளம்பவும் கூடாது. நடுவில், விரும்பிய ஆழத்தில், அந்தரத்தில் நிற்க வேண்டும். அதற்குக் காற்றை ஏற்றவும் இறக்கவும் ஒரு பை தேவை. பெரும்பாலான டைவிங் பள்ளிகளில் இது கையில்லாச் சட்டை வடிவத்தில் இருக்கிறது. ஜாக்கெட் என்கிறார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவுகள். ரெடிமேட் சட்டை போல யாருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். யாருக்கும் முழுக்கப் பொருந்தாது.

பேக்பிளேட் வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் வடக்கு ஃப்ளோரிடாவில் தண்ணீர் நிரம்பிய சுண்ணாம்புக் குகைகள் உண்டு. அங்கே 1970களின் இறுதியிலிருந்து குகை டைவர்கள் செதுக்கிச் செதுக்கிக் கொண்டுவந்த ஏற்பாடு இது. தலைக்கு மேலே பாறை. நினைத்தவுடன் மேலே வர முடியாது. தொங்குகிற எதுவும் பாறையில் மாட்டும், வண்டலைக் கிளறும். அவர்கள் தேவையில்லாததை எல்லாம் கழற்றிக்கொண்டே வந்தார்கள். மிஞ்சியது ஒரு உலோகத் தட்டு, ஒரு பட்டை, சில வளையங்கள், ஒரு காற்றுப்பை. மும்பைக்காரர் குகைக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் கலங்கல் கொங்கணிலும் உண்டு. கண்ணை நம்ப முடியாத தண்ணீருக்காகப் பிறந்த கருவி, கண்ணை நம்ப முடியாத கரைக்கு வந்து சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் தட்டு. முதுகின் நீளத்துக்கு, நடுவில் முதுகெலும்புக்கு இடம் விட்டு மடித்த தகடு. எவர்சில்வரில் இருந்தால் எடை 2.5 முதல் 3 கிலோ. அலுமினியத்தில் ஏறக்குறைய 1 கிலோ. நடுக்கோட்டில் 11 அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள். இந்த 11 அங்குலம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதனால் ஒரு கம்பெனியின் தட்டில் இன்னொரு கம்பெனியின் இறக்கையை மாட்டலாம்.

குர்லா, செம்பூர் சுற்றுவட்டாரத்தில் தகடு வெட்டி வளைக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கேயே செய்துகொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். சமையல் பாத்திரத்துக்குப் போதும் 304 ரகம் கடலுப்பில் துருப்பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். இரண்டாவது, துளைகளின் விளிம்பை வழவழவென்று தேய்த்திருக்க வேண்டும். பிசிறு இருந்தால் அது பட்டையை நாள்தோறும் அறுக்கும். அந்தப் பட்டையில்தான் ஆள் இருக்கிறார். காற்றுப்பையை மட்டும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அது விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள்.

அடுத்தது பட்டை. இங்கேதான் நம் பக்கத்து ஊரான தாராவி நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டு வளர்த்த இடம் அது. பதனிடும் தொழில் பெரும்பாலும் வெளியேறிய பிறகும் பை, பெல்ட், பர்ஸ் தைப்பது அங்கே நிற்கவில்லை. கனமான பட்டையை மடித்து, பெட்டி போட்டு, குறுக்கே தைத்து, கொக்கி வைத்துத் தருவதில் தாராவிக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் முதுகுத் தட்டின் பட்டைக்கு மதிப்பே அதில் தையல் இல்லை என்பதுதான். 2 அங்குல அகலம், சுமார் 3.5 மீட்டர் நீளமுள்ள ஒரே நைலான் பட்டை. இடுப்பில் தொடங்கி, தட்டின் கீழ்த் துளை வழியே ஏறி, தோளைச் சுற்றி, மேல் துளைகளில் புகுந்து, மறு தோள் வழியே இறங்கி, மறு இடுப்புக்கு வந்து முடிகிறது. நடுவில் ஒட்டு இல்லை, பிளாஸ்டிக் கிளிப் இல்லை. தையல் இருந்தால் தையல் விடும்; கிளிப் இருந்தால் கிளிப் உடையும். இல்லாதது உடையாது.

இந்த ஒற்றைப் பட்டையை உடம்புக்கு ஏற்ப அமைப்பதுதான் வேலையின் உயிர். கடலில் எந்த உடையில் இறங்கப் போகிறோமோ அந்த உடையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். மே மாத மும்பையில், மின்விசிறிக்குக் கீழே, 3 மில்லிமீட்டர் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு நிற்பது ஒரு தவம். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தட்டின் மேல் விளிம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தோளுக்கு மேலே கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோனால் விரல் நுனி தட்டின் உச்சியைத் தொட வேண்டும். தொட்டால் சிலிண்டரின் வால்வையும் தொட முடியும் என்று நம்பலாம். தோள் பட்டை இறுக்கமாக இருக்கக் கூடாது. மார்புப் பக்கம் பட்டைக்குள் ஒரு கை தாராளமாக நுழைய வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தோளைத்தான் இறுக்குகிறார்கள். பள்ளிக்கூடப் பை பழக்கம். தண்ணீரில் பாரம் தோளில் இல்லை. தட்டை உடம்போடு பிடித்து வைப்பது இடுப்புப் பட்டையும், பின்னாலிருந்து கால்களுக்கு நடுவே வந்து இடுப்பு பக்கிளில் கோக்கும் கவட்டுப் பட்டையும். காவடி எடுப்பவரைக் கவனித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். சுமையை இறுக்கிக் கட்டினால் தோள் நோகும்; சமமாக வைத்தால் சுமையே ஆளைத் தாங்கும்.

பிறகு வளையங்கள். டி வடிவத்தில் வளைத்த எவர்சில்வர் கம்பிகள். இடது, வலது மார்பில் ஒவ்வொன்று, இடது இடுப்பில் ஒன்று, கவட்டுப் பட்டையில் முன்னும் பின்னும். மார்பு வளையங்கள் ஏறக்குறைய அக்குள் உயரத்தில் நிற்க வேண்டும். வலது கை இடது வளையத்தையும் இடது கை வலது வளையத்தையும் பார்க்காமலே எட்ட வேண்டும். விளக்கு, அளவுக் கருவி, கத்தி எல்லாவற்றுக்கும் இடம் நிர்ணயமாகிறது. நிர்ணயித்த பிறகு மாற்றுவதில்லை. இடுப்பு பக்கிளைத் திறப்பது வலது கையின் வேலை. பட்டையின் நுனி மிச்சமாகத் தொங்கும். அதை உடனே வெட்டிவிடக் கூடாது. நைலான் நனைந்தால் நெகிழும், நாலு முறை இறங்கினால் உடம்புக்குப் படியும். அதற்குப் பிறகு வெட்டி, நுனியை நெருப்பில் காட்டிக் கருக்கினால் பிரியாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு நின்று, வீட்டில் ஒருவரை வாய்க்கு வந்தபடி சொல்லச் சொல்ல வேண்டும். கத்தி, வால்வு, இடது வளையம், பக்கிள். சொன்ன நொடியில் கை அங்கே போய் நிற்க வேண்டும். தடவித் தேடினால் இன்னும் கட்டி முடியவில்லை என்று பொருள்.

மூன்றாவது இறக்கை. தட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உட்காரும் காற்றுப்பை. வெளியே தடித்த துணி, உள்ளே காற்றைப் பிடிக்கும் பை. வட்டமாக மூடிய வடிவமும் உண்டு, லாட வடிவமும் உண்டு. ஒற்றைச் சிலிண்டருக்கு 12 முதல் 18 கிலோ வரை தூக்கும் திறன் போதும். பெரிதாக வாங்குவோமே என்று தோன்றும். பெரிய பை தண்ணீரில் சிலிண்டரைச் சுற்றி அப்பளம் போலச் சுருண்டு, உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடது தோள் வழியே வரும் குழாயில் காற்றை ஏற்றலாம், விடலாம். கீழே பின்புறம் ஒரு கயிற்றை இழுத்தாலும் விடலாம். மேலே இருக்கும் வாய் வழியாகத்தான் காற்று போகும் என்பது நினைவிருந்தால் எதை எப்போது இழுப்பது என்ற குழப்பம் வராது.

இறக்கையை ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு முழுதாக ஊதி, கூடத்தின் மூலையில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும். காலையில் தொய்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பக்கெட் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். கூடத்தில் கண்டுபிடித்தால் அது பஞ்சர். 18 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தால் அதற்கு வேறு பெயர்.

அடுத்து வருவது கணக்கு. இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். டைவிங் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு உடையது. 200 பார் அழுத்தத்தில் அதற்குள் 2,200 லிட்டர் காற்று. காற்றுக்கும் எடை உண்டு. லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். மொத்தத்தில் 2.5 கிலோவுக்கும் மேலே வருகிறது. அதாவது இறங்கும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது டைவர் 2 கிலோவுக்கு மேல் இலேசாகிவிடுகிறார். நிரம்பிய சிலிண்டரோடு பார்த்து எடையை நிர்ணயித்தவர், கடைசியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க முடியாமல் மேலே மிதந்து போவார். சரியான அளவு எது? சிலிண்டரில் 50 பார் மிச்சம் இருக்கும்போது, இறக்கை காலியாக இருக்கையில், அதே 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிவது.

எவர்சில்வர் தட்டு இங்கே கைகொடுக்கிறது. அதன் எடை, இடுப்பில் கட்டும் ஈயத்தில் அவ்வளவைக் குறைக்கிறது. அதோடு அந்த எடை நுரையீரலுக்கு நேரே உட்காருகிறது. ஈயம் முழுக்க இடுப்பில் இருந்தால் கால் தொங்கும். தொங்கும் கால் அடியில் உள்ள சேற்றை உழும். பின்னால் வருபவருக்குப் புழுதி. எடை முதுகில் பரவினால் உடம்பு தரைக்கு இணையாகப் படுக்கும். அதற்காகத் தட்டோடு நிறுத்தாமல் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. காற்றுப்பை கிழிந்துவிட்டால் துடுப்பு அடித்தே மேலே வர முடிகிற அளவுக்குத்தான் பாரம் இருக்க வேண்டும். முடியாவிட்டால், சட்டென்று கழற்றி எறியக்கூடிய ஈயம் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

பாரமும் மீட்சியும் என்ற இந்தக் கணக்கு தமிழருக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். கல் கீழே கொண்டுபோகும். மேலே கொண்டுவருவது கயிறு. கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில். கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள், தங்கை தாலிக்குப் பயந்து சரியாக இழுப்பான் என்று தென்கரையில் சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். பாரத்தைப் பற்றி யோசிக்கும்போதே மீட்சியைப் பற்றியும் யோசித்த மூளை அதில் தெரிகிறது.

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு முடிந்தது. சங்குகுளி தொடர்கிறது. அதில் ஒரு பகுதியினர் படகில் வைத்த கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டு இறங்குகிறார்கள். முதுகில் தட்டு இல்லை, இறக்கை இல்லை, எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் கருவி இல்லை. மேலே எஞ்சின் நின்றால் கீழே மூச்சு நிற்கும். அப்படி இறந்தவர்கள், அவசரமாக மேலே வந்து கைகால் முடங்கியவர்கள் பற்றிய செய்திகள் தென்மாவட்டங்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. விடுமுறைக்குக் கடலடிக்குப் போகிறவர் ஒரு வளையத்தின் இடத்தை அரை அங்குலம் நகர்த்தி யோசிக்க முடிகிறது. பிழைப்புக்காகப் போகிறவருக்கு அந்த யோசனைக்கான நேரமும் இல்லை, பணமும் இல்லை. தாராவியின் பல தெருக்களுக்குப் பூர்வீகமான அதே திருநெல்வேலிச் சீமையின் கடற்கரைதான் அது.

ரயில் நேரத்துக்கு வருவோம். 741 கிலோமீட்டர் கொங்கண் ரயில்பாதை 1998 ஜனவரியில் முழுமையாகத் திறந்தபோது மும்பைக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஒரு பகல் தூரத்துக்கு வந்தது. திலக் டெர்மினஸிலிருந்து கிளம்பும் ரயில்களில் ஒன்றின் பெயரே மத்ஸ்யகந்தா. மகாபாரதத்தில் மீன் மணத்தோடு படகோட்டிய சத்தியவதியின் பெயர். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பலகை கிடைக்காது. தட்டைப் பையின் அடியில் படுக்கவைத்து, இறக்கையை மடித்து அதன் மேல் வைத்து, ஆடைகளைச் சுற்றிலும் திணித்தால் ஒரே பையில் அடங்கிவிடும். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அது கரையில் வாடகைக்குக் கிடைக்கும். நம் ரெகுலேட்டர் அந்த வால்வில் பொருந்துமா என்று மட்டும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

குடாலில் இறங்கினால் மால்வண் சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர். கடலுக்குள் சிவாஜி 1664இல் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டை நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கடலில் ஒரு பகுதி 1987 முதல் கடல்வாழ் உயிரினச் சரணாலயம். பாறைகளும் அவற்றில் பவளமும் கூட்டம் கூட்டமாக மீனும் உண்டு. பக்கத்துத் தார்கர்லியில் மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஸ்கூபா பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவியது. மழைக்காலத்தில் எல்லாம் மூடியிருக்கும். அக்டோபர் முதல் மே வரை சீசன். மத்தியானம் மீன் குழம்பும் சோறும், கோகம் புளியும் தேங்காய்ப் பாலும் கலந்த சோல்கடியும் கிடைக்கும். ஆனால் இறங்குவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடுவது புத்திசாலித்தனமல்ல.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நீச்சலே தெரியாத சுற்றுலாப் பயணிகள். வழிகாட்டி சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சில மீட்டர் ஆழத்தில் சற்று நேரம் சுற்றிக்காட்டுவார். மூச்சு விடுவது மட்டும்தான் பயணியின் பொறுப்பு. அதில் தவறொன்றும் இல்லை. பலருக்கு ஆசை பிறப்பதே அங்கேதான். ஆனால் கடல் விளையாட்டுத் திடல் அல்ல. 2022 மே மாதம் தார்கர்லி அருகே ஸ்கூபா முடிந்து திரும்பிய படகு கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். தண்ணீருக்கு அடியில் அல்ல, கரைக்கு அருகிலேயே. பொறுப்பு எப்போதும் வேறொருவர் கையில் இருக்கும் என்று எண்ணுவதுதான் கடலில் முதல் ஆபத்து.

சொந்தமாகக் கட்டிய தட்டோடு படகின் விளிம்பில் உட்காருகிறவரின் நிலைமை வேறு. சிலிண்டரைப் பிடிக்கும் இரண்டு பட்டைகளையும் தண்ணீரில் நனைத்த பிறகே இறுக்கியிருப்பார். உலர்ந்த பட்டையை இறுக்கினால் கடலில் நெகிழ்ந்து சிலிண்டர் வழுக்கும். துணையாக வருபவரின் பக்கிளையும் வால்வையும் இவர் பார்ப்பார். இவருடையதை அவர் பார்ப்பார். மைத்துனன் பிடித்த கயிற்றின் இன்றைய வடிவம் அதுதான். இறங்கிய பிறகு, நல்ல நாளில் பாறையும் மீனும் பல மீட்டருக்குத் தெரியும். இன்னொரு நாள் அலை கலக்கிவிட்டிருக்கும். பச்சைப் புகைக்குள் இருப்பது போல இருக்கும். அப்போது திலக் நகர்க் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பரீட்சை நினைவுக்கு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. கை தானாகவே போகும்.

குறையே இல்லாத கருவி என்று சொல்வதற்கில்லை. நீர்ப்பரப்பில் இறக்கையை மட்டுமீறி ஊதினால் அது முகத்தைத் தண்ணீரை நோக்கித் தள்ளும். கொஞ்சம் காற்றை விட்டு, பின்னால் சாய்ந்து படுத்தால் சரியாகும். பை, பாக்கெட் கிடையாது. தோளில் சட்டென்று அவிழும் கிளிப் இல்லாததால் கழற்றுவதற்குப் பழக வேண்டும். இடுப்பைத் திறந்து, இடது கையை முதலில் எடுக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் பட்டையை அறுக்க இடது இடுப்பில் கத்தி. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இறங்குகிறவருக்கு வாடகை ஜாக்கெட் போதும். இது தன் உடம்பை, தன் எடையை, தன் மூச்சைத் தானே கணக்குப் பார்க்கத் தயாராக இருப்பவருக்கு. அதுவும் தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு.

திரும்பி வந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கடலுப்பு பட்டையிலும் வால்விலும் மட்டுமல்ல, இறக்கையின் உள்ளேயும் புகுந்திருக்கும். உலர்ந்தால் படிகமாகி உள்பையைக் கீறும். நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிக் குலுக்கி, கவிழ்த்து வடித்து, பாதி ஊதி, நிழலில் தொங்கவிட வேண்டும். மும்பையின் அடுக்குமாடியில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துத்தான் இதையும் செய்ய முடியும். கம்பிவலை போட்ட பால்கனியில், பள்ளிக்கூடச் சட்டைகளுக்கும் வேட்டிக்கும் நடுவில், கறுப்பாக ஓர் இறக்கை சொட்டிக்கொண்டிருக்கும். கடல் இல்லாத திலக் நகரில் கடல் தண்ணீர் சொட்டும் இடம் அது ஒன்றுதான்.